சென்னிநாயகம் பூசிய கை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஆனாலும் கொட்டாரம் முதல் பூதப்பாண்டி வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், என் சமையலைத் தெரியாத ஆள் கிடையாது. ஆயிரம் பேருக்கு எத்தனை தேங்காய், எத்தனை கிலோ பருப்பு என்று கேட்டால் நின்ற நிலையில் சொல்வேன். கேட்டரிங் படித்துவிட்டு வந்த பையன்கள் செல்போனைத் தட்டிக் கணக்குப் போட்டு முடிக்கும்போது நான் அடுப்புக்குத் தீ வைத்திருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான். உள்ளதைத்தானே சொல்கிறேன்.

இவ்வளவு பேரெடுத்த நான் ஐம்பத்தைந்து வருஷம் நகம் கடித்தேன்.

சும்மா ஓரத்தைக் கொறித்துத் துப்புகிற கடி இல்லை அது. நகம் வளர நான் விட்டதே கிடையாது. கடிக்க நகம் இல்லாத நாளில் ஓரத்துத் தோலைக் கடிப்பேன். ரத்தம் கசியும். உப்பும் புளியும் அதில் படும்போது உயிர் போகும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்பேன். பெரியவருக்கு எவ்வளவு அடக்கம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. விரலைக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் ஒரு சமையல் கூட்டத்தில் தண்ணீர் கோரிக் கொடுக்கச் சேர்ந்தேன். ஆக்குப்புரையில், அதாவது கல்யாணச் சமையல் நடக்கிற கொட்டகையில், ஒரு சட்டம் உண்டு. கடைசிப் பந்தி எழுந்திருக்கிறவரைக்கும் வேலைக்காரனுக்குச் சோறு இல்லை. எரிசேரிக் கூட்டுக்குத் தேங்காய் வறுக்கிற மணம் மூக்கில் ஏறும். பிரதமன் பாயசத்துக்குச் சர்க்கரை காய்ச்சுகிற மணம் ஏறும். இன்னும் எத்தனை பந்தி, நமக்கு மிஞ்சுமா மிஞ்சாதா என்று நிற்க வேண்டும். வாய்க்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. கை இருந்தது. அதைக் கொடுத்தேன்.

பிறகு சோற்றுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. அந்தக் கூட்டத்துக்கே தலைவனானேன். சொந்தமாகப் பாத்திரம், சொந்தமாக வேன், கீழே முப்பது ஆட்கள். யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறி வந்தேன். கடி மட்டும் கூடவே ஏறி வந்தது. பசிக்குக் கடித்தவன் பயத்துக்குக் கடிக்கத் தொடங்கினேன்.

பயம் என்ன என்றால், நாங்கள் ருசி பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நான் தொழில் படித்த கூட்டத்தில் பந்தியில் விளம்பிப் பரிமாறாத பண்டத்தைச் சமையற்காரன் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் அது எச்சில். உப்பையும் புளியையும் மணத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும், கொதிக்கிற சத்தத்தை வைத்துத்தான் பக்குவம் சொல்ல வேண்டும். நான் சொல்வேன், தப்பியதில்லை. ஆனால் தப்பவில்லை என்று எனக்குத் தெரிவது முதல் பந்தி உட்கார்ந்த பிறகுதான். இலையில் எல்லாம் விளம்பியதும் நான் மறைப்புத் துணிக்குப் பின்னால் போய் நிற்பேன். முதல் இரண்டு வாய் உள்ளே போனதும் பந்தியில் பேச்சு அடங்கும். சமையல் கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது அடங்குகிறவரை என் விரல் வாயில்தான்.

என் வீட்டுக்காரி இதைச் சொல்லிச் சிரிப்பாள். “அவியலு எச்சியாகப்பிடாது. அந்த அவியலத் தொடுத கை மட்டும் எச்சியாகலாமா? நல்ல சட்டம்தான் ஒங்க சட்டம்.”

அவள் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் எனக்கு அது பழகிவிட்டது. விரலில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தாள். ரசத்துக்குப் புளி கரைத்தபோது அதுவும் கூடக் கரைந்தது. ஒரு தடவை நடுவிரல் சீழ் கட்டி வீங்கி, எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. அவர் விரலைப் பார்த்துவிட்டு, “ரொம்ப டென்ஷன் உண்டோ?” என்று கேட்டார். “எனக்கென்ன டென்ஷன்? ஒங்களை மாதிரி நாலு டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாந்தான் சமையல்” என்றேன். அவர் மாத்திரை மட்டும் எழுதித் தந்து அனுப்பிவிட்டார்.

கொரோனா ஓய்ந்து கல்யாணங்கள் மறுபடி கூட்டமாக நடக்கத் தொடங்கிய சமயம், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தி மகன் கல்யாணத்துக்குச் சமையல் பேச என் வீட்டுக்கு வந்தாள். எத்தனை வகைத் தொடுகறி, எத்தனை பாயசம் என்று பேசிக்கொண்டிருந்தோம். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தாள். திரும்பி வரவில்லை. பிறகு பஸ் ஸ்டாப்பில் என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்: “ஒங்க வீட்டுக்காரருக்குக் கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கும். ஆனா கை எப்பவும் வாயிலல்லா இருக்கு.”

மறுநாள் என் வீட்டுக்காரி கோட்டாறு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். பிரித்தால் கறுத்த கட்டி, சென்னிநாயகம். பால்குடி மறக்காத பிள்ளைக்குத் தாய்மார் நெஞ்சில் உரசித் தடவுகிற சாதனம். கடுகளவு நாக்கில் பட்டால் அரைநாள் கசக்கும்.

“அறுவத்தஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பாலுகுடி மறக்க வைக்கப் போறேன்னு கடக்காரன்ட்ட சொன்னேன்” என்றாள்.

“சொன்னியா? என் பேரையும் சொன்னியா?”

“பேரு வேற சொல்லணுமாக்கும்.”

அந்த மருந்து கேட்டது. நாலு நாள் விரல் வாய்க்குப் போனது, போன வேகத்தில் திரும்பியது. குடல் வரைக்கும் கசந்தது. ஐந்தாம் நாள் கொட்டாரத்தில் கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் பெரிய ஆட்கள். அதிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பந்தியில் உட்காருகிற ஆள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் காலையிலிருந்தே கை பரபரத்தது. அந்த மண்டபத்தில் வைத்து நான் கடிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பத்து விரலிலும் மருதாணி போடுகிற கனத்துக்குச் சென்னிநாயகத்தைப் பூசிக் காயவைத்துக்கொண்டு போனேன். வேலை தொடங்குமுன் கையைக் கழுவத்தான் செய்தேன். காய்ந்து இறுகினது பச்சைத் தண்ணீருக்கு அசையவில்லை. சூட்டுக்கு இளகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவியலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய உருளியில் வெந்து இறக்கினதும் பந்தியில் மாப்பிள்ளை உட்காருகிற வரிசைக்கான முதல் வாளியைத் தனியே கோரி எடுப்பேன். அதற்குப் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் நானே சேர்ப்பேன். எண்ணெயும் இலையுமாக இரண்டு கையாலும் கசக்கி, ஆவி பறக்கிற வாளிக்குமேல் பிழிந்து விடுவேன். நாற்பது பேருக்கான அவியல். மற்ற வாளிகளுக்கெல்லாம் ஆட்கள் செய்வார்கள். முதல் வாளி மட்டும் என் கை. அன்றைக்கும் அப்படியே செய்தேன்.

மறைப்புக்குப் பின்னால் நின்றேன். பந்தியில் பேச்சு அடங்கியது. அடங்கின வேகத்தில் ஒரு குரல் எழும்பியது. தாய்மாமன்தான்.

“என்னவே இது, அவியலா கசாயமா?”

பக்கத்து இலைக்காரர் ஏற்றுப் பாடினார்: “மாப்பிளைக்குப் பேதிக்குக் குடுக்காவ மக்கா. கண்ண மூடிட்டுக் குடி.”

வரிசை முழுக்கச் சிரித்தது. என் விரல் தானாக வாய்க்குப் போயிற்று.

தேங்காயெண்ணெய் மணத்தது, கறிவேப்பிலை மணத்தது. நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு, அவ்வளவுதான். காலையில் பூசின கனத்தில் ஒன்றும் மிச்சமில்லை. விரலை எடுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போய்ச் சுத்தமாக இருந்தது. எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்குப்புரைக்குள் ஓடி வந்தார். “மானத்த வாங்கிட்டீரே ஓய்! ஒம்ம நம்பித்தானே குடுத்தேன்!”

நான் கையைத் துண்டுக்குள் மறைத்தேன். மறைத்துக்கொண்டு, காய் நறுக்குகிற இடத்தைப் பார்த்துத் தாடையால் காட்டினேன். “வெள்ளரிக்காயி கசப்பு. பாக்காம நறுக்கிப் போட்டுட்டா.”

அங்கே இருந்தவள் என் கூட்டத்தில் பதிமூன்று வருஷமாகக் காய் நறுக்குகிறவள். புருஷன் இல்லை, ஐம்பது வயது. அவியலுக்குப் போடுகிற வெள்ளரிக்காயில் ஒன்று கசந்தாலும் உருளி முழுக்கக் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு காயின் நுனியையும் கிள்ளி, மென்று, துப்பிவிட்டுத்தான் நறுக்க வேண்டும். பச்சைக் காயில் எச்சில் இல்லை, நுனியைத் தள்ளிவிடுகிறோமே. அந்த ஆக்குப்புரையில் ருசி பார்க்க உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான்.

அவள் எழுந்து நின்றாள். “நான் ஒண்ணு விடாமப் பாத்தேன் அண்ணாச்சி.”

“பாத்தா எப்பிடிட்டி கசக்கும்?”

கூடையில் மிச்சம் இரண்டு காய் கிடந்தது. இரண்டையும் எடுத்து எங்கள் முன்னாலேயே கடித்தாள். துப்பாமல் விழுங்கினாள். “கசக்கல்லியே.”

நான் சொன்னேன்: “ஒனக்கு எப்பிடிக் கசக்கும்? நாக்கு செத்துப்போச்சு ஒனக்கு.”

முப்பது பேர் கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா, நாக்கை லேசாக நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, சாப்பிடாமல், பஸ் ஏறப் போய்விட்டாள்.

நாஞ்சில் நாட்டில் ஒரு பேர் வைத்துவிட்டால் அதைக் கழற்ற முடியாது. நாக்கு செத்தவ என்கிற பேர் ஒரு மாசத்துக்குள் எல்லாச் சமையல் கூட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வேறெந்தக் கூட்டத்திலும் அவளைக் கூப்பிடவில்லை. தக்கலைப் பக்கம் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்தேன். வீட்டுக்காரி கேட்டதற்கு, கடி நின்றுபோயிற்று, இனி வேண்டாம் என்றேன். நிற்கவில்லை. முன்னைவிட மோசமாகக் கடித்தேன். குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு கடித்தேன். பெருவிரல் நகம் பாதிக்குமேல் போய்விட்டது.

எட்டு மாசம் இப்படிப் போயிற்று. ஒரு கல்யாணத்தில் வேறொரு கூட்டத்துச் சமையற்காரர் என்னிடம் வேடிக்கையாகச் சொன்னார்: “வேய், ஒம்ம நாக்கு செத்தவ இருக்காள்லா, அவ வீட்டுல கொழம்பு வச்சா உப்பு பாக்க அடுத்த வீட்டுக்காரியக் கூப்பிடுகாளாம்.”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வேலையைப் பறித்தேன் என்று தெரிந்துதான் இருந்தேன். அவள் வாயிலிருந்து நாக்கையே பறித்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து அண்டி ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். அவள் வந்தாள். விரலெல்லாம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும், “என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாங்களா?” என்று பதறினாள்.

“இல்ல மக்கா. ஒரு விஷயம் சொல்லணும்” என்று, ரோட்டோரத்தில் நின்றே சொன்னேன். டீச்சரம்மா வந்தது, சென்னிநாயகம், முதல் வாளி, வாயில் வைத்த விரல், எல்லாம்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எனக்குக் கொரோனா வந்துட்டுப் போச்சுல்லா, அதுல நாக்கு போயிருக்கும்னு நானே நெனச்சேன். டாக்டர்ட்ட போனேன். அவரும் இருக்கும்னுதான் சொன்னாரு. மாத்திர தின்னேன். சோறு இனிச்சாலும் நம்பல்ல, கசந்தாலும் நம்பல்ல.”

“தப்புதான் மக்கா.”

“இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நாக்கு செத்தவன்னு என் காதுல மட்டுமா சொன்னிய?”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த கல்யாணத்துக்கு ஆக்குப்புரையில் அடுப்பு மூட்டுகிறதற்கு முன்னால் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினேன். என் ஆயுசில் யார் முன்னாலும் தலை குனிந்தவன் இல்லை நான். கலெக்டர் வந்து சாப்பிட்ட பந்தியிலும் நிமிர்ந்துதான் நின்றேன். அன்றைக்குக் கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டி, கொட்டாரத்து அவியல் கசந்தது வெள்ளரிக்காயால் அல்ல, இந்த விரலால் என்று சொன்னேன்.

ஒருத்தன்கூட ஆச்சரியப்படவில்லை. அடுப்பு பார்க்கிறவன், இருபது வருஷமாக என் வலதுகையாக இருக்கிறவன், விறகை அடுக்கிக்கொண்டே சொன்னான்: “எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி.”

“எப்பிடிலே?”

“காலைல கையெல்லாம் கறுப்பாப் பூசிட்டு வந்தியளே. நானும் ரெண்டு பிள்ள வளத்தவன்தான், சென்னிநாயகம் தெரியாதா? பந்தி முடிஞ்ச பொறவு அந்த வாளில மிஞ்சினத வாயில வச்சும் பாத்தேன். உருளியில உள்ளதையும் பாத்தேன். உருளியில உள்ளது கசக்கல்ல.”

“பொறவு ஏம்லே சொல்லல்ல?”

“நீங்க சொல்லுவியன்னு பாத்துட்டு இருந்தோம்.”

எட்டு மாசம். என் முகத்துக்கு நேரே அண்ணாச்சி அண்ணாச்சி என்று நின்றவர்கள் அத்தனை பேரும் எட்டு மாசம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்று நான் பீற்றிக்கொண்டது உண்மைதான். அது எப்படிப்பட்ட உண்மை என்று அன்றைக்குத் தெரிந்தது. பெண்ணின் அப்பாவுக்கும் போன் செய்து சொன்னேன். கேட்டுவிட்டு, “செரி, வைங்க” என்றார். அவருடைய இளைய மகள் கல்யாணத்துக்கு வேறு ஆள் சமைத்தார்.

மறுபடி அண்டி ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அவளுக்கு விஷயம் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.

“சொன்னியளாம். கேட்டேன்” என்றாள்.

“வேலைக்கு வா மக்கா. ஒன் எடம் அப்பிடியே கெடக்கு.”

“வரல்ல. அந்த முப்பது பேரு மூஞ்சில முழிச்சு என்னால காயி நறுக்க முடியாது. அவ்வளவு பேருக்கும் தெரிஞ்சிருக்கு, ஒருத்தராவது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தாவளா?”

“அப்ப மன்னிச்சேன்னு ஒரு வார்த்தையாவது சொல்லு” என்றேன். கேட்டே விட்டேன். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் நெஞ்சில் உள்ளது இறங்கிவிடும் என்று இருந்தது.

அவள் அப்போதுதான் என் கையைப் பார்த்தாள். பெருவிரலைப் பார்த்தாள். “சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருந்து நகத்தக் கடிப்பிய.”

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு நடந்து போனாள்.

ஐம்பத்தைந்து வருஷம் எனக்குப் புரியாதது அந்தப் பெண்ணுக்கு ஒரே பார்வையில் புரிந்திருந்தது. நான் கடித்ததெல்லாம் நிம்மதிக்காகத்தான். பசியிலும் பயத்திலும் நிம்மதி கிடைக்காத இடத்தில் விரலைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். இப்போது மறைப்புக்குப் பின்னால் நிற்கும்போது விரல் எழும்பத்தான் செய்கிறது. உதடு வரைக்கும் வருகிறது. வந்ததும், அண்டி ஆபீஸ் வாசலில் அவள் பார்த்த பார்வை வந்துவிடுகிறது. உனக்கு எதற்கடா நிம்மதி என்று கை கீழே இறங்கிவிடுகிறது. இதைத் திருந்தினான் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. வேப்பெண்ணெயும் டாக்டரும் சென்னிநாயகமும் செய்யாததை இது செய்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதல் வாளி அவியலை இப்போது நான் தொடுவதில்லை. அடுப்புக்காரன்தான் செய்கிறான். அவனும் நானும் வேலைப் பேச்சுத் தவிர வேறு பேசுவதில்லை. சமையல் முன்னைப் போலவே நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒன்றரை வருஷமாகிறது. தக்கலைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வாசலில் கொஞ்சம் நிற்கிறேன். அவள் “என்ன அண்ணாச்சி, சுகம்தானா?” என்று கேட்கிறாள். அந்த வார்த்தையை மட்டும் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பத்து விரலிலும் நகம் இருக்கிறது.